பலகைக்கு வெளியே போகிற கோடு

நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்கோரத்தில், கூகுள் வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கினால் மட்டும் பெயர் தெரிகிற ஓர் ஊரில் இருக்கிறோம். கணவருக்கு இங்கே மருத்துவமனையில் வேலை. எனக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி வர ரொம்ப நாளானது. அந்தக் காத்திருப்பில் ஊர் அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தவள், அனுமதி வந்த பிறகும் விடவில்லை. சனிக்கிழமை காலைகளிலும், பள்ளிப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும் மே மாதத்தில் வார நாட்களிலும், ‘புல்வெளியின் உணவு வலை’ என்கிற பலகைக்கு முன்னால் நின்று பேசுவது என் பொறுப்பு.

பலகை சுவர் முழுக்க நீண்டிருக்கும். யாரோ ஒரு பொறுமைசாலி பின்னணியில் புல்வெளியை வரைந்திருக்கிறார். அதன்மேல் பாடம் செய்த விலங்குகளும் பறவைகளும். பாடம் செய்ய முடியாத பூச்சி புழுக்களுக்கு மெழுகு உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பித்தளைப் பொத்தான். அமுக்கினால், அது எதைத் தின்கிறதோ அங்கிருந்து பச்சை விளக்குக் கோடு ஓடி வரும். அதை எது தின்கிறதோ அதை நோக்கிச் சிவப்புக் கோடு ஓடும். செய்து முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். கொயோட்டி என்கிற சின்ன ஓநாயின் இடது காதைப் பூச்சி அரித்துவிட்டது. பேட்ஜர் என்கிற வளை தோண்டும் விலங்கிலிருந்து கிளம்பும் சிவப்புக் கோடு எரிவதில்லை. அதனால் பேட்ஜரை யாராலும் தின்ன முடியாது என்று இந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறையே நம்பிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு.

பிள்ளைகள் வந்ததும் ஓடிப்போய் அமுக்குவது கிலுகிலுப்பைப் பாம்பைத்தான். அடுத்து பேட்ஜர், கொயோட்டி, பருந்து. இந்தப் பொத்தான்கள் விரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று இருக்கும். இடது கீழ் மூலையில் புல்லுக்கும் ஒரு பொத்தான் உண்டு. அது கறுத்துக் கிடக்கும். கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் வெட்கப்பட்டு ஓரமாக நிற்கிற பிள்ளையாகப் பார்த்துக் கூப்பிட்டு, “இதை அமுக்கு” என்பேன். அமுக்கினால் பலகையில் பாதி பற்றிக்கொள்ளும். வெட்டுக்கிளி, முயல், பிரெய்ரி நாய், பிராங்ஹார்ன் மான், பைசன் என்கிற காட்டுமாடு என்று எல்லாப் பக்கமும் சிவப்பு ஓடும். பாம்பை அமுக்கியவர்களுக்குக் கிடைத்தது ஐந்தாறு கோடுதான். ஓரமாக நின்ற பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

நாம் பள்ளியில் படித்தது சங்கிலி: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. ஐந்து பெட்டி, நான்கு அம்புக்குறி, முழு மதிப்பெண். அம்பு தின்பதிலிருந்து தின்னப்படுவதை நோக்கிப் போகும் என்று வகுப்பில் பாதிப் பேர் தலைகீழாகப் போடுவார்கள். இங்கேயும் அதே கதை. அம்பு காட்டுவது சாப்பாடு போகிற திசையை, பாய்கிற திசையை அல்ல என்று வாரா வாரம் சொல்கிறேன். மேல்நிலை விலங்கியல் படித்தவர்களுக்கு லிண்டெமனின் பத்து சதவீத விதி ஞாபகம் இருக்கலாம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போய்ச் சேரும் என்கிற விதி. அந்த ரேமண்ட் லிண்டெமன் இங்கிருந்து வடகிழக்கே மினசோட்டாவில் ஒரு சின்னச் சதுப்பு ஏரியைத் துழாவித்தான் அதைக் கண்டுபிடித்தார். முதலில் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1942-ல் அது அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 26 வயது. நாம் இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்த ஆள்.

பலகையில் மண்ணுக்கு ஒரு சாண் அகலப் பழுப்புப் பட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் நாலு வேர், ஒரு மண்புழு, அவ்வளவுதான். இது எனக்குப் பெரிய மனக்குறை. இதே நெப்ராஸ்காவின் பல்கலைக்கழகத்தில் ஜான் வீவர் என்று ஒரு தாவரவியல் பேராசிரியர் இருந்தார். போன நூற்றாண்டின் முற்பாதியில், ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குக் குழி தோண்டி, புல்லின் வேரை மண் உதிர்த்து உதிர்த்துப் படம் வரைந்தவர். பெரிய புல்வகைகள் சிலவற்றின் வேர் மூன்று மீட்டரையும் தாண்டிப் போகிறது. புல்வெளியின் பெரும்பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. நாம் மேலே பார்ப்பது அதன் தலைமுடி. தின்பவர்களிலும் ஏராளமான கூட்டம் கீழேதான். கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் வேரை உறிஞ்சுகின்றன. மேலே மேய்கிற மாட்டைவிட அவை அதிகம் தின்கின்றன என்று பக்கத்து கொலராடோவின் குட்டைப்புல் வெளிகளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நூற்புழுவைப் பாடம் செய்து ஆணியில் மாட்ட முடியாதே. அருங்காட்சியகங்களுக்குக் கண்ணாடிக் கண் வைக்கத் தோதான விலங்குகள்மேல்தான் எப்போதும் ஆசை.

நடுவே ஒரு மண்மேடும் அதில் ஒரு வளையும் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் வாயில் பிரெய்ரி நாய் எழுந்து நிற்கும். நாய் மாதிரி குரைப்பதால் அந்தப் பெயர், மற்றபடி அணில் சாதி. கூட்டங்கூட்டமாக வளை தோண்டி ஊரே அமைத்து வாழும். காலியான வளைகளில் ஒரு சின்ன ஆந்தை குடியேறுகிறது. அதன் நடத்தையைச் சொன்னால் பிள்ளைகள் கொண்டாடிவிடுவார்கள். எங்கிருந்தாவது சாணியைப் பொறுக்கிக் கொண்டுவந்து வளை வாசலில் பரப்பி வைக்கும். சாணி வாசனைக்குச் சாணவண்டுகள் தேடி வரும், இது உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிடும். யாராவது வளைக்குள் மூக்கை நுழைத்தால் குஞ்சுகள் உள்ளேயிருந்து கிலுகிலுப்பைப் பாம்பு மாதிரி சத்தம் எழுப்பும். பலகையில் ஆந்தைக்கும் வண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. சாணிக்குக் கோடு கிடையாது. சாணி போட்டவருக்கும் கிடையாது.

அதே மண்மேட்டின் பின்பக்கம் கருங்கால் ஃபெரெட். நம் ஊர்க் கீரியை இன்னும் ஒல்லியாக்கி, கண்ணுக்குக் கறுப்பு முகமூடி கட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதன் பொத்தானை அமுக்கினால் வருவது கிட்டத்தட்ட ஒரே பச்சைக் கோடு, பிரெய்ரி நாயிடமிருந்து. வேறு பிழைப்பு அதற்குத் தெரியாது. பண்ணைக்காரர்கள் பிரெய்ரி நாய்களுக்கு விஷம் வைத்துத் தீர்த்தபோது இதுவும் சேர்ந்து போனது. அற்றுப்போய்விட்டது என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்த நேரத்தில், 1981-ல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் எதையோ கவ்விக் கொண்டுவந்து வாசலில் போட்டது. என்ன பிராணி என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை. அழகாக இருக்கிறதே, பாடம் செய்து வைக்கலாம் என்று எடுத்துப்போனார்கள். பாடம் செய்கிறவர் பார்த்துவிட்டு மிரண்டுபோனார். அந்த வட்டாரத்தில் தேடிக் கண்டுபிடித்த கூட்டமும் நோயில் மடிய, 1987-க்குள் மிச்சமிருந்த 18-ஐயும் பிடித்துக் கூண்டில் வளர்த்தார்கள். இன்று காட்டில் விடப்பட்டிருப்பவை எல்லாம் அந்தக் குடும்பத்து வாரிசுகள். அப்புறமும் நிம்மதி இல்லை. பிரெய்ரி நாய்களுக்குப் பிளேக் வருகிறது. அந்தப் பிளேக் 1900 வாக்கில் கப்பல் எலிகளோடு அமெரிக்காவில் வந்து இறங்கியது. துறைமுகத்து எலியின் தெள்ளுப்பூச்சிக்கும் புல்வெளிக்கு நடுவில் இருக்கிற ஃபெரெட்டுக்கும் இடையே ஒரு கோடு. இதுவும் பலகையில் இல்லை.

பைசனுக்கு உடம்பு கிடையாது, தலை மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். இடம் போதவில்லை என்பது அதிகாரபூர்வமான காரணம். “மீதியை யார் சாப்பிட்டாங்க?” என்று ஒரு பொடியன் கேட்டான். நல்ல கேள்விதான். கோடிக்கணக்கில் இருந்த மந்தைகளைத் தோலுக்காகச் சுட்டு, உடம்பை அப்படியே அழுக விட்டுப் போனார்கள். 1886-ல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாடம் செய்யும் பிரிவின் தலைவராக இருந்த வில்லியம் ஹார்னடே, பைசன் அடியோடு அழியப் போகிறது, அதற்குள் நல்ல மாதிரிகள் நான்கைந்தாவது எடுத்துவைக்க வேண்டும் என்று மொன்டானாவுக்கு வந்தார். அழியப் போகிறதே என்ற வருத்தத்தோடு வந்தவர், இருந்த சொற்பத்தில் இரண்டு டஜனைச் சுட்டு எடுத்துக்கொண்டு போனார். மொன்டானாவின் மண்ணையும் புல்லையும்கூடக் கொண்டுபோய் அதன்மேல் நிறுத்திக் காட்சிக்கு வைத்தார். 1957-ல் அந்தக் காட்சியைப் பிரித்தபோது உள்ளே ஒரு பெட்டி கிடைத்தது. தனக்குப் பின்னால் வரப்போகிறவருக்கு அவர் எழுதிவைத்த கடிதம் அதில் இருந்தது. இவற்றில் மூன்றை நான்தான் சுட்டேன், நான் தூசியும் சாம்பலுமான பிறகு இவற்றைக் கெட்டுப்போகாமல் காப்பாற்றுங்கள் என்று கேட்டிருந்தார். 1889-ல் அவர் போட்ட கணக்கில் மிஞ்சியிருந்த பைசன்கள் மொத்தம் 1,091. பிற்பாடு அவற்றைத் திரும்பப் பெருக்குவதற்காக முன்னால் நின்றவர்களிலும் அவர் ஒருவர். எனக்கு அந்த ஆள்மேல் கோபமும் வரும், கடிதத்தை நினைத்தால் கோபம் பாதியில் நின்றும்விடும்.

இப்போது நான் சொல்ல வந்த கோட்டுக்கு வருகிறேன்.

பலகையின் வலது மேல் மூலையில் ஒரு பருந்து இறக்கையை விரித்துத் தொங்குகிறது. ஸ்வெயின்சன் பருந்து. மார்பில் செம்பழுப்புப் பட்டை, தாடை வெள்ளை. ஏப்ரலில் இங்கே வரும். தனியாக நிற்கிற மரத்தில் கூடு கட்டி, குஞ்சுக்குத் தரையணிலும் எலியும் பிடித்துக் கொடுக்கும். பொத்தானை அமுக்கினால் அந்தப் பச்சைக் கோடுகள் ஒழுங்காக எரியும். கூடவே ஒரு கோடு வெட்டுக்கிளியிலிருந்தும் வரும், அது கொஞ்சம் மெல்லிய கோடு. கோடையில் பார்த்தால் அது சரிதான். குஞ்சு வளர்க்கிற பறவைக்கு வெட்டுக்கிளி கொறிக்கிற சமாச்சாரம்.

செப்டம்பரில் இந்தப் பருந்துகள் கிளம்பும். மெக்சிகோ, பனாமா வழியாக ஆயிரக்கணக்கில் சுழன்று சுழன்று தெற்கே போகும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, அர்ஜென்டினாவின் பாம்பாஸ் புல்வெளியில் இறங்கும். அங்கே அப்போது கோடைக்காலம். அங்கே போனதும் சாப்பாடே மாறிவிடும். எலி, அணில் எல்லாம் மறந்து வெட்டுக்கிளியும் தும்பியுமாகவே மாதக்கணக்கில் தின்னும். ஆக, எங்கள் பலகையில் மெல்லிசாக ஓடுகிற கோடு பாம்பாஸில் வடக்கயிறு மாதிரி. எங்கள் பலகை அர்ஜென்டினாவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. வார்னிஷ் அடித்த மரச்சட்டம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போன பருந்துகளில் நிறைய திரும்பி வரவில்லை என்று கூடுகளைக் கவனித்து வந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. எங்கே போகின்றன என்றே அப்போது சரியாகத் தெரியாது. கலிபோர்னியாவின் வடக்கே இரண்டொரு பருந்தின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைக் கட்டிவிட்டு, அது காட்டிய இடத்துக்கு ஆட்களும் போனார்கள். அர்ஜென்டினாவின் லா பாம்பா மாகாணம். பருந்துகள் இரவில் அடைகிற மரங்களுக்கு அடியில் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடந்தன. அடுத்த பருவம், 1995-96-ல், எண்ணப்பட்ட பிணங்கள் மட்டும் 5,000-க்கு மேல். உண்மையில் செத்தவை அதைப்போலப் பல மடங்கு இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். குதிரைமசால் வயல்களிலும் சூரியகாந்தி வயல்களிலும் வெட்டுக்கிளி பெருகியிருந்தது. விவசாயிகள் மருந்து அடித்தார்கள். மருந்து பட்டுத் துடிக்கிற வெட்டுக்கிளி பருந்துக்கு எளிதான இரை. மருந்தின் பெயர் மோனோகுரோட்டோபாஸ்.

தன்னார்வலர்களுக்குக் கொடுக்கிற குறிப்புத்தாளில் இந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. கூட நின்ற அமெரிக்கப் பெண்மணிக்கு அதை வாய்விட்டுப் படிக்கவே வரவில்லை. எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் அதற்குச் செல்லப்பெயரே உண்டு: மோனோ.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காடு எங்களுடையது. பருத்தி, சூரியகாந்தி, உளுந்து. பருத்தியில் காய்ப்புழு விழுந்தால் அப்பா கடைக்குப் போய், “மோனோ ஒரு லிட்டர்” என்பார், டீ சொல்கிற மாதிரி. தொழுவத்துப் பரணில் அந்த டப்பா இருக்கும். பிள்ளைகள் கை வைக்கக் கூடாது என்று அம்மா அதைத் துணியில் சுற்றி வைத்திருப்பாள். மருந்து அடித்துவிட்டு வரும் ஆட்கள் குளித்த பிறகுதான் திண்ணையில் உட்காரலாம். அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை. 2005-ல் இந்தியாவில் அதைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். பருத்திக்கு அடிக்கலாம் என்று விட்டிருந்தார்கள். கத்திரிக்காயும் பருத்தியும் பக்கத்துப் பக்கத்துக் காட்டில் இருக்கிற ஊரில் அந்தத் தடைக்கு என்ன அர்த்தமோ. 2013-ல் பிகாரில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்களே, சமையல் எண்ணெயில் கலந்திருந்தது இதே மருந்துதான்.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். எழுபதைத் தாண்டிவிட்டார், காட்டுக்குப் போவதை விடவில்லை. பருந்து கதையை முழுசாகக் கேட்டார்.

“அம்புட்டும் செத்துப் போச்சா?”

“அந்த நாட்டுல தடை பண்ணிட்டாங்கப்பா. மருந்து கம்பெனியும் திரும்ப எடுத்துக்கிருச்சு. அடுத்த வருசமே சாவு ரொம்பக் குறைஞ்சிருச்சாம். இப்பவும் இங்க வருது. நேத்துக்கூடப் பாத்தேன்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: “மோனோ அடிச்ச மறுநா காட்டுல காக்கா இறங்காது தாயி. கொக்கும் இறங்காது. அதுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. வெளியூர்லருந்து வாரதுக்குத் தெரியாதுல்ல.”

காக்காவுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்ததா, அல்லது தெரியாத காக்காவெல்லாம் வேறெங்காவது விழுந்து கிடந்ததா என்று நான் விவாதம் பண்ணவில்லை. வெளியூர்லருந்து வாரது என்று அவர் எதைச் சொல்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கேட்டேன். ஐப்பசி கார்த்திகையில் வந்து, தரையை ஒட்டித் தாழ்வாக, இறக்கையை லேசாக மேலே தூக்கிப் பிடித்தபடி பறக்கிற பருந்து என்றார். சாயங்காலம் தரிசுப் புல்லில் கூட்டமாக இறங்கித் தரையிலேயே படுக்குமாம். அது பூனைப்பருந்து. நான் சின்ன வயதில் அதைப் பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாமல். கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பித்து இந்தியாவுக்கு வருகிறவை. குஜராத்தின் வேலாவதர் புல்வெளியில் பெருங்கூட்டமாக அடையும். நம் தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரிசலுக்கும் வரும். வந்து அங்கே எதைத் தின்னும் என்கிறீர்கள்? பெரும்பாலும் வெட்டுக்கிளி.

வடக்கே அமெரிக்கப் புல்வெளி, தெற்கே பாம்பாஸ். அதேபோல வடக்கே கஜகஸ்தான் புல்வெளி, தெற்கே எங்கள் பருத்திக்காடு. கஜகஸ்தானில் ஏதோ ஒரு ஊர் அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு பலகை இருந்து, என்னை மாதிரி ஒருத்தி அதன் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தால், அவளுடைய பூனைப்பருந்தின் கோடு சட்டத்தைத் தாண்டி வெளியே போகிற இடத்தில் எங்கள் அப்பா தோளில் மருந்து டேங்க்கோடு நிற்பார்.

இதற்குப் பிறகு பிள்ளைகளிடம் பேசுகிற முறையை மாற்றிக்கொண்டேன். பருந்துப் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு, ஒரு பச்சை நூல்கண்டை எடுத்து ஒரு முனையைப் பலகை ஓரத்தில் ஒட்டி, இன்னொரு முனையை ஒருவன் கையில் கொடுத்து, “தெற்குப் பக்கம் நட” என்பேன். கூடத்தைத் தாண்டி, பாறைகள் வைத்திருக்கிற அறையைத் தாண்டி, கழிவறை வாசல் வரை போவான். “இதுதான் மெக்சிகோ, இன்னும் பாதி தூரம்கூட வரலை” என்று கத்துவேன். மேலாளர் அம்மா முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே நூல்கண்டு வாங்கிக் கொடுத்தார்.

வெட்டுக்கிளி பற்றியும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 1870-களில் இந்த ஊர்ப் பக்கம் ராக்கி மலை வெட்டுக்கிளி என்று ஓர் இனம் மேகம் மாதிரி இறங்கிப் பயிரையெல்லாம் தின்று தீர்த்தது. 1875-ல் நெப்ராஸ்காவின் பிளாட்ஸ்மவுத்தில் ஒரு மருத்துவர் தந்தியில் அக்கம்பக்கத்து ஊர்களை விசாரித்து அந்தக் கூட்டத்தை அளக்கப் பார்த்தார். நீளம் சுமார் 1,800 மைல், அகலம் 110 மைல் என்று கணக்கு வந்தது. அப்பேர்ப்பட்ட இனத்தின் கடைசி உயிருள்ள பூச்சியை 1902-ல் பிடித்தார்கள். அப்புறம் இல்லை. மலையடிவார ஆற்றுப் படுகைகளில் அது முட்டையிடும் இடங்களைக் குடியேறியவர்கள் உழுது பயிர் செய்ததுதான் காரணம் என்பது இன்று பலரும் ஏற்கிற விளக்கம். யாரும் திட்டம் போட்டு அழிக்கவில்லை. எங்கள் பலகையில் இருக்கிற மெழுகு வெட்டுக்கிளி அந்த இனமா, இன்றைக்கு வெளியே குதிக்கிற இனமா என்று கேட்டால் மேலாளர் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த இரவு அப்பா போனை வைக்கப் போகும்போது ஒரு கேள்வி கேட்டார். அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

“அங்க இப்பப் புல்லத் திங்கிறது யாரு?”

“பலகையிலயா?”

“பலகைய விடு. வெளிய.”

ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிகிற பதில். மாடு. நெப்ராஸ்காவில் மனிதர்களைப்போல மூன்று மடங்குக்கும் மேல் மாடுகள் இருக்கின்றன. எங்கள் வீட்டிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் போகிற வழியில் கறுப்பு ஆங்கஸ் மாடுகளைத் தவிர வேறு எதுவும் புல் தின்று நான் பார்த்ததில்லை, எப்போதாவது தூரத்தில் இரண்டு பிராங்ஹார்ன் தவிர. இந்த மாநிலத்தின் நடுவே கிடக்கிற மணல்மேட்டுப் புல்வெளி உழப்படாமல் தப்பித்ததுகூட, அந்த மணலில் மக்காச்சோளம் வராது, மாடு மேயும் என்பதால்தான். ஆந்தை வாசலில் பரப்புகிற சாணியும் இப்போது மாட்டுடையது. ஆனாலும் இந்தப் புல்வெளியின் உணவு வலையைக் காட்டுகிற பலகையில் மாடு கிடையாது. மனிதனும் கிடையாது. வெள்ளைக்காரர் வருவதற்கு முந்தைய புல்வெளியைக் காட்டுவதாக வைத்துக்கொண்டாலும், பைசனை வேட்டையாடி வாழ்ந்த பாவ்னி, லகோட்டா மக்களை அதில் காணோமே.

மேலாளரிடம் இரண்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பருந்திலிருந்து கிளம்பி, சட்டத்தைத் துளைத்துக்கொண்டு, சுவரில் அர்ஜென்டினா படம் வரைக்கும் போகிற ஒரு விளக்குக் கோடு. அது எளிதாக நிறைவேறும் என்கிறார், நூல்கண்டுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, பைசன் தலைக்குப் பக்கத்தில் ஒரு மாடு, பொத்தானோடு. அதற்குத்தான் யோசிக்கிறார். அருங்காட்சியகக் குழுவில் பாதிப் பேர் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர்கள்.

“மாட்டுக்குப் பச்சைக் கோடு சரி, புல்லிலிருந்து வரும். சிவப்புக் கோட்டை எங்கே கொண்டுபோய் விடுவாய்?” என்று கேட்டார்.

பார்வையாளர் நிற்கிற இடத்தில் தரையில் ஒரு விளக்குப் பதிக்கலாம் என்றேன். செலவு எவ்வளவு ஆகும் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் வரும்போது பேட்ஜர் விளக்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.